வெள்ளிக்கிழமைத் தாள்: தொடக்கப் பள்ளி வீடுகளுக்கு எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

ஏற்காடு ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு இந்த ஆண்டு மாறுதலில் வந்த ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளிச் செய்தியும் பிள்ளைகளின் நலமும் பற்றி வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தாள் எழுதி எல்லா வீடுகளுக்கும் அனுப்பும் பொறுப்பைத் தலைமை ஆசிரியர் அவரிடம் ஒப்படைத்திருக்கிறார். செய்தியை எப்படியும் எழுதிவிடலாம், நலம் என்ற பகுதியில் எதை எழுதுவது, எழுதினாலும் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெற்றோர் படிப்பார்களா என்பது அவருடைய கேள்வி. கேள்விக்கு அடியில் இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தாலோ, ஒரு பிள்ளை நாலைந்து நாளாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தாலோ, அதைப் பற்றி வாயே திறக்காமலும் இருக்க முடியாது, ஊருக்கே சொல்லவும் கூடாது. அந்த இடத்தில்தான் அவருடைய பேனா நிற்கிறது. ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் உத்தமசோழபுரம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் படித்து, சேலம் மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் நகரத்திலும் மலையிலுமாக வேலை பார்த்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவள். மருத்துவம் படித்தவள் அல்லள். நோய்களைப் பற்றிக் கீழே சொல்பவை ஆரம்ப சுகாதார நிலையத்தாரும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினரும் திரும்பத் திரும்பச் சொல்லி எங்களுக்குப் பழகிப்போனவை. சிகிச்சை என்று வந்துவிட்டால் அவர்கள் சொல்வதே முடிவு.

இந்த வேலையில் முக்கால் பங்கு, எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டியது எது, ஒரு வீட்டுக்கு மட்டும் சொல்ல வேண்டியது எது என்று பிரிப்பதுதான். மற்றதெல்லாம் எழுத எழுத வந்துவிடும். சின்னம்மையையே எடுத்துக்கொள்வோம். தாளில் இவ்வளவு இருந்தால் போதும்: "நம் பள்ளியில் சின்னம்மை கண்டிருக்கிறது. அடுத்த 3 வாரங்களுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது உடம்பில் நீர்க்கொப்புளம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். கொப்புளமெல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு வரலாம். விட்டுப்போன பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் கர்ப்பிணி இருந்து, அவருக்கு இதுவரை சின்னம்மை வந்ததில்லை என்றால் சுகாதார நிலையத்தில் உடனே சொல்லுங்கள்." இதில் பிள்ளையின் பெயர் இல்லை, வகுப்பும் இல்லை. நகரத்துப் பள்ளியில் "மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு" என்று எழுதினால் யாரென்று தெரியாது. ஆறேழு பிள்ளைகள் மட்டும் படிக்கும் மலைப் பள்ளி வகுப்பில் அப்படி எழுதுவதும் பெயரைச் சொல்வதும் ஒன்றுதான். மூன்று வாரம் என்ற கணக்குக்கும் காரணம் உண்டு. நோய் தொற்றியதிலிருந்து கொப்புளம் தெரிய 10 முதல் 21 நாட்கள் ஆகும். தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். நமக்குச் செய்தி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கலாம் என்பதால், அந்த ஒரு வீட்டை ஒதுக்கிவைப்பதால் யாருக்கும் பயனில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவார்கள், தாளிக்க மாட்டார்கள், வெளியாட்களை விட மாட்டார்கள். அதைப் பற்றித் தாளில் ஒரு சொல்லும் எழுத வேண்டாம். அந்த வீட்டுக்குத் தனியே போய், காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கலந்த மாத்திரையைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம், மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று சொல்லி வந்தால் கேட்டுக்கொள்வார்கள்.

டெங்கு பற்றிய வரியை மழைக்காலம் முழுவதும் வாராவாரம் எழுதலாம். அது வாரத் தாளுக்கென்றே அமைந்த செய்தி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆவதால், வாரம் ஒருமுறை டிரம்மையும் குடத்தையும் கவிழ்த்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துபோகும். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். சேலத்திலும் சுற்றுப்புறங்களிலும் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள் வரும் தெருக்களில் டிரம் இல்லாத வீடு இல்லை. அங்கே "தண்ணீர் தேங்க விடாதீர்கள்" என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை டிரம்மை நாரால் தேய்த்துக் கழுவிய பிறகு பிடியுங்கள், மூடி வையுங்கள்" என்று எழுதினால் செய்வார்கள்.

மாத்திரை கொடுக்கும் வாரங்களில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும் குடற்புழு நீக்க நாளில் பிள்ளைகள் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரையைக் கடித்து மென்று தின்ன வேண்டும். வயிற்றில் புழு அதிகம் உள்ள பிள்ளைக்கு அன்று சற்று வயிற்றுவலியோ குமட்டலோ வரலாம். காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்கு அன்று கொடுக்காமல், விடுபட்டவர்களுக்கான நாளில் கொடுக்கலாம். வாரம் ஒன்றாகத் தரப்படும் இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை மதிய உணவுக்குப் பின் கொடுக்கிறோம், அதனால் மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்ற ஒரு வரியை மறந்துவிடாதீர்கள். அதைச் சொல்லாமல் விட்டால், மறுநாள் காலையில் பாட்டி ஒருவர் பிள்ளையைக் கையோடு பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நிற்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கும்.

பேன் பற்றியும் எழுத வேண்டியிருக்கும். பேன் குதிக்காது, பறக்காது, தலையோடு தலை ஒட்டும்போதுதான் ஏறும். அதற்காகப் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை. இதை எல்லா வீட்டுக்கும் பொதுவாக எழுதி, எல்லோரும் ஒரே சனிக்கிழமையில் பிள்ளைகளுக்குப் பேன் சீப்பால் தலை வாரிவிடுங்கள் என்று கேட்பதுதான் முறை. ஒரு சிறுமியின் தலையைச் சுட்டி வகுப்பில் பேசிவிட்டால் அவள் பள்ளிக்கு வருவதையே வெறுத்துவிடுவாள்.

மன நலம் என்று வரும்போது பலரும் அறிவுரை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். "பிள்ளைகளிடம் அன்பாக இருங்கள்" என்று படிக்கிற தாய்க்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை. தன்னைக் குறை சொல்வதாகவும் தோன்றும். பார்க்கக்கூடிய ஒன்றையும் செய்யக்கூடிய ஒன்றையும் மட்டும் எழுதுங்கள். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வரும் வயிற்றுவலி, படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோன பிறகு திரும்ப வருவது, பிடித்த சாப்பாட்டையும் வேண்டாம் என்பது, விளையாடக் கூப்பிட்டாலும் போகாமல் இருப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இரண்டு வாரம் நீடித்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள் என்று எழுதலாம். இவை எல்லாம் உடம்புக் கோளாறாகவும் இருக்கலாம், வகுப்பில் யாரோ கேலி செய்வதாலும் இருக்கலாம், வீட்டில் நடந்த சண்டையாலும் இருக்கலாம். எது என்று முடிவு கட்டுவது ஆசிரியரின் வேலை இல்லை; தாளில் அதை அலசவே கூடாது. உறக்கம் பற்றி மட்டும் உறுதியாக எழுதலாம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. காலை ஆறு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை இரவு ஒன்பது மணிக்குள் படுத்திருக்க வேண்டும் என்று அதையே கடிகாரக் கணக்காக மாற்றி எழுதுங்கள்.

செய்திப் பகுதிக்கு வருகிறேன். விடுமுறை, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், கொண்டுவர வேண்டிய பொருள் ஆகியவை தாளின் தலைப்பிலேயே, தேதியும் கிழமையும் சேர்த்து இருக்க வேண்டும். காலை உணவில் உப்புமாவா, கிச்சடியா, பொங்கலா என்பது தினமும் சாப்பிடுகிற பிள்ளைக்கே தெரியும், அதற்கு வரி செலவிட வேண்டாம். ஆனால் முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களின் வீட்டுக்கு, காலை உணவு எத்தனை மணிக்கு, பிள்ளை எத்தனை மணிக்குள் வந்தால் கிடைக்கும் என்று ஜூன் மாதம் முழுவதும் எழுதுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம்தான் என்றாலும், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் பலருக்கு அந்த நேரக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை.

வகுப்பில் நடந்ததைப் பற்றி எழுதும்போது, வீட்டில் ஒரு கேள்வி கேட்கத் தோதாக எழுத வேண்டும். "இரண்டாம் வகுப்பில் இடமதிப்பு கற்பிக்கப்பட்டது" என்பது அலுவலகப் பதிவேட்டு நடை. "இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் காப்பிக் கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டி எண்ணினார்கள், வீட்டில் மிளகு இருந்தால் 43 எண்ணி வைக்கச் சொல்லுங்கள், எத்தனை கூறு, மிச்சம் எத்தனை என்று கேளுங்கள்" என்று எழுதினால் எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அன்றிரவு பிள்ளையிடம் கணக்குக் கேட்பார். மலையில் மிளகும் காப்பியும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை செய்யும் வீடுகளில் வளையமும் முத்தும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. பாடம் வீட்டுக்குள் போவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

படிப்பார்களா என்ற கேள்விக்கு நேராகச் சொன்னால், தாளாக அனுப்பினால் பாதி வீடுகளில் படிக்க மாட்டார்கள், ஆனால் கேட்பார்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் தாயும் தகப்பனும் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். இருக்கும் ஒரு ஸ்மார்ட்போன் தகப்பனிடமோ அண்ணனிடமோ இருக்கும். சில ஊர்களில் சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏற வேண்டும். ஆகவே அதே செய்தியை இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத குரல் பதிவாகவும் அனுப்புங்கள். பேச்சு நடையில், அவசரமில்லாமல், தேதியை இரண்டு முறை சொல்லி. இரவு ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் அனுப்பினால் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். தாளின் ஒரு படியை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன் வீடுகளுக்குப் பக்கத்திலோ ரேஷன் கடைச் சுவரிலோ ஒட்டச் சொல்லுங்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் அந்தத் தாளை உரக்கப் படிக்க வைத்தால், அவர்கள் வீட்டில் போய்த் தவறில்லாமல் படித்துக் காட்டுவார்கள், வாசிப்புப் பயிற்சியும் ஆயிற்று. வட மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் குடும்பம் உங்கள் பள்ளியில் இருந்தால், அந்தப் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளர் ஆக்காமல், எஸ்டேட்டில் இந்தி தெரிந்த ஒருவரைக் கொண்டு தேதிகளை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். குழுவில் சேர்ந்த எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். கணவரைப் பிரிந்து வந்து, எண்ணை மாற்றிக்கொண்டு வாழும் தாய்மார்கள் நம் பள்ளிகளில் உண்டு. அவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒளிபரப்புப் பட்டியல் என்ற வசதியில் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது, ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். சிறிய பள்ளிக்கு அதுவே போதும், ஒருமுறை வீட்டுக்குப் போகும்போது நீங்களே சேமித்துக் கொடுத்துவிடலாம். குழுதான் வேண்டும் என்றால், நிர்வாகி மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே கூட்டத் தேதி காணாமல் போகும். பிள்ளைகளின் படத்தை அனுப்பும் முன் பெற்றோரிடம் கையெழுத்தாக ஒப்புதல் வாங்குங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. அதில் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் இருந்தாலும், ஒப்புதல் வாங்கிவிடுவது எல்லோருக்கும் நல்லது. பிறர் அனுப்பிய எதையும் பள்ளியின் பெயரில் தள்ளிவிட வேண்டாம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி 2018இல் தமிழ்நாட்டில் உயிர்களையே பறித்தது. மழை விடுமுறையாக இருந்தாலும் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

பொதுவில் ஒருபோதும் வரக் கூடாதவை சில உண்டு. எண்ணும் எழுத்தும் என்ற அரசின் அடிப்படைக் கல்வித் திட்ட வகுப்பில் எந்தப் பிள்ளை அரும்பு, எது மொட்டு, எது மலர் என்பது கற்றல் நிலையைப் பார்த்து நாம் கற்பிக்க உதவும் பிரிவு. அதைப் பட்டியலாக வீடுகளுக்கு அனுப்பினால் ஒரே வாரத்தில் பட்டப்பெயராகிவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதை மட்டுமன்றி மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அதேபோல உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கோ சாதிச் சான்றோ தராதவர்களின் பெயர்களைக் குழுவில் போடுவது மிகவும் பரவலான பழக்கம். அவசரத்தில் செய்கிறார்கள், தெரியாமல் இல்லை. யார் எந்தச் சாதி என்ற பட்டியலை நாமே ஊருக்கு எழுதிக் கொடுத்ததாகிறது அது. சான்று தராதவர்களைத் தனித்தனியே கூப்பிடுவதற்கு ஒரு மாலைப்பொழுது ஆகும், அவ்வளவுதான். வராத பிள்ளைகளின் பெயர், மதிப்பெண் வரிசை, யார் வீட்டில் கழிப்பறை இல்லை என்பது போன்ற கணக்கெடுப்பு விவரம் எல்லாம் இந்த வகைதான்.

தாளின் அடியில் ஒரு வரி எப்போதும் இருக்க வேண்டும்: ஆசிரியரை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்பது. பதில் வராத தாள் சுவரொட்டிக்குச் சமம். ஆனால் கதவைத் திறந்துவைத்தால் சில நேரம் கனமான செய்தியும் வரும். ஒரு தாய் வந்து, பிள்ளையிடம் யாரோ தவறாக நடந்துகொண்டதாகச் சொன்னால், அதை ஆராய்வதோ சமரசம் பேசுவதோ உங்கள் வேலை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் விடுவது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவும் பகலும் இயங்கும், கட்டணம் இல்லை. அந்த எண்ணை எல்லா வாரமும் தாளின் ஓரத்தில் அச்சிட்டுவிடுங்கள், விளக்கம் எழுத வேண்டாம். தேவைப்படும் வீடு எடுத்துக்கொள்ளும்.

இனி, எனக்கே உறுதியில்லாத பகுதி. இந்தத் தாளால் பிள்ளைகளின் படிப்பு உயருமா என்றால், தாளால் மட்டும் உயரும் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் கூடுவதும், மாத்திரை நாளில் பயம் குறைவதும், காரணம் சொல்லாமல் நின்றுவிடும் பிள்ளைகள் குறைவதும் என் கண்ணால் பார்த்தவை. ஆனால் அதே ஆண்டுகளில் வேறு திட்டங்களும் வந்தன. எது எதனால் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. வாராவாரம் வேண்டுமா, பதினைந்து நாளுக்கு ஒன்று போதாதா என்பதிலும் ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வாரம் ஒன்று என்பதே என் சார்பு. நாள் தவறாமல் வந்தால்தான் எதிர்பார்ப்பார்கள். அரைப் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பில் இருக்கும் வாரத்தில் குரல் பதிவு மட்டும் அனுப்பினால் போதும். நகரத்துத் தனியார் பள்ளிகள் வண்ணப் படங்களோடு நாலு பக்கம் அனுப்புவதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அதில் பாதி விளம்பரம்.

முதல் தாளை அனுப்பும் முன், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் இரண்டு தாய்மார்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே வைத்திருப்பதால் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் "இது என்னங்க டீச்சர்?" என்று நிறுத்திக் கேட்கும் இடங்களை மாற்றி எழுதுங்கள். பனிமூட்டம் இறங்கும் மாதங்களில் நீங்கள் அங்கே இருப்பீர்கள் என்பதால் இன்னொன்றும்: காட்டெருமை நடமாட்டம் தெரிந்தால் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல், எந்தப் பாதையில் யாரோடு சேர்ந்து வரலாம் என்பதை அந்தத் தாய்மார்களிடமே கேட்டு, அந்த வாரத் தாளின் முதல் வரியாகப் போடுங்கள்.